ஆபத்து வந்தால் வீட்டில் யார், என்ன செய்வது?

பிள்ளையார்பட்டி என்றதும் கற்பக விநாயகர் ஞாபகம் வருவார். குன்றைக் குடைந்து செய்த கோவில், அதே பாறையில் செதுக்கிய இரண்டு கைப் பிள்ளையார். விநாயகர் சதுர்த்தித் திருவிழா பத்து நாள் நடக்கும். ஒன்பதாம் நாள் தேர். பிள்ளையாரின் பெரிய தேருக்கு ஒரு கூட்டம் வடம் பிடிக்கும். சண்டிகேசுவரரின் சிறிய தேரைப் பெண்கள் இழுப்பார்கள்.

தேரோட்டம் பார்க்கிறவர்கள் வடத்தைப் பார்ப்பார்கள், அலங்காரத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடந்து வரும் ஆட்களைப் பலர் கவனிப்பதில்லை. தேர் ஒரு பக்கமாக இழுத்தாலும் வேகம் கூடினாலும் அவர்கள்தான் சக்கரத்தடியில் கட்டையைப் போடுவார்கள். நூற்றுக்கணக்கான பேர் இழுக்கும் தேரை நிறுத்துவது நாலைந்து பேர். அந்த நாலைந்து பேர் யார் என்பது முன்கூட்டியே முடிவானது. தேர் ஓடும்போது "யாராவது கட்டையைப் போடுங்கப்பா" என்று கேட்டால் என்ன ஆகும்?

நம் வீடுகளில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேஸ் வாடை வந்தால் யார் மூடுவது? மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்குப் புகை வந்தால் மாடியில் தூங்குபவரை யார் எழுப்புவது? இதற்கெல்லாம் பதில் "யாராவது" என்றுதான் இருக்கும். அவசரத் திட்டம் என்றால் கம்பெனிகளில் சுவரில் மாட்டியிருக்கும் படம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிகவும் எளிமையான விஷயம். "யாராவது" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

நம் ஊரில் நடந்தவை

திட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை.

1997 ஜூன் 7. தஞ்சைப் பெரிய கோவிலில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நெரிசலில் சிக்கினார்கள்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் தீ. 28 பேர் இறந்தார்கள். அவர்களுடைய கால்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன.

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஓலைப் பந்தல் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அதே வருடம் ஜூலை 16. கும்பகோணம். சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த சின்னக் குழந்தைகளுக்கு இறங்க வழி ஒரு குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள்.

இவற்றில் ஏர்வாடியையும் கும்பகோணத்தையும் மட்டும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். இறந்தவர்கள் யார்? தாங்களாக ஓட முடியாதவர்கள். சங்கிலியில் இருந்தவர்கள், சின்னக் குழந்தைகள். ஓடத் தெரிந்த பெரியவர்களை மனதில் வைத்துத்தான் எல்லாக் கட்டடங்களையும் கட்டுகிறோம், எல்லா ஏற்பாடுகளையும் செய்கிறோம். ஆபத்து வரும்போது மாட்டிக்கொள்பவர் எப்போதும் கடைசி ஆள்தான். அதனால் திட்டத்தை அந்தக் கடைசி ஆளிடமிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

பிள்ளையார்பட்டியில் ஒரு பழைய வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. முன்வாசலில் நின்று பார்த்தால் நேர் கோட்டில் பின்வாசல் தெரியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. செட்டிநாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன.

கட்டியவர்கள் யோசிக்காமல் கட்டவில்லை. வீடுகளின் தரைமட்டம் தெருவைவிட நல்ல உயரம். நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதைப் பார்த்து வந்தவர்கள், அந்தப் பயத்தில்தான் உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு மரபுக் கதை உண்டு. கூரையில் விழும் மழையெல்லாம் வளவுக்குள் இறங்கும்படி சரிவு. வறண்ட ஊரில் தண்ணீர் சேர்க்கும் வழி அது. இரண்டு தெருவுக்கும் வாசல். தீ அடுப்படியில் பிடித்தால் முன்பக்கம், முகப்பில் பிடித்தால் பின்பக்கம். வீட்டின் அமைப்பே பாதித் திட்டம்!

மீதிப் பாதி வீட்டில் இருந்த ஆட்கள். ஒரே வீட்டில் பல புள்ளிகள் இருந்த காலம் அது. (கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி என்பது நகரத்தார் கணக்கு.) இருபது முப்பது பேர் இருக்கும் வீட்டில் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

இன்றைக்கு அந்த ஆட்கள் எங்கே? சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். நாம் கற்பனை செய்த வீட்டில் 80 வயது ஆச்சி ஒருவர். பகலில் வந்து சமைத்துப் போகும் ஓர் அம்மா. ராத்திரி முகப்பில் படுத்துக்கொள்ளும் வயதான ஒரு காவல்காரர். வளவில் ஆறு அறை பூட்டியிருக்கிறது. பின்வாசலும் பூட்டியிருக்கிறது. திருட்டுப் பயம். சாவி எந்தக் கொத்தில் இருக்கிறது என்பது ஆச்சிக்கு மட்டும் தெரியும், அதுவும் சில நாள் மறந்துபோகும்.

அதாவது கட்டியவர்கள் கொடுத்த பாதித் திட்டத்தையும் ஒரு பூட்டைப் போட்டு ரத்து செய்துவிட்டோம்.

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் பத்து நிமிடம் வீட்டில் இருப்பவர்களுடையதுதான். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் திட்டம்.

திட்டம் எழுதுவோம்

சதுர்த்தி லீவுக்கு ஊருக்கு வரும் பேரன் ஒருவன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன எழுதுவான்?

முதலில் ஆட்கள். வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினால் போதாது. பகலில் யார், ராத்திரி யார் என்று இரண்டு பட்டியல் வேண்டும். பகலில் சமைக்கும் அம்மா இருக்கிறார், காவல்காரர் இல்லை. ராத்திரி நேர்மாறு. ஆகவே இரண்டு திட்டம். சமைக்கும் அம்மாவிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஆனால் அடுப்படியில் நெருப்போடு இருப்பவர் அவர்தான். முதலில் தெரிய வேண்டியது அவருக்கு.

இரண்டாவது வழி. பின்வாசல் பூட்டை என்ன செய்வது? திருடனுக்கும் பயப்பட வேண்டும், தீக்கும் பயப்பட வேண்டும். வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டால் இரண்டு பயமும் தீரும். பூட்டுதான் வேண்டும் என்றால் கதவுக்குப் பக்கத்திலேயே, ஜன்னல் வழியாகக் கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி, அதில் அந்த ஒரு சாவி மட்டும். கொத்தில் சேர்க்கவே கூடாது. இருட்டில் தடவிப் பார்த்தாலும் கிடைக்க வேண்டும். அதோடு, வழியில் கிடக்கும் பழைய கட்டில், அண்டா, தேங்காய் மூட்டை எல்லாம் ஓரத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும், கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், வெளியே போக வேண்டும். எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. "வாடை வருதே, ஃபேனைப் போடு" என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும். போனையும் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருக்கிறது.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடிக்குக் கீழே உள்ள தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுபடி சோதனை செய்திருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூட வேண்டும். பலகாரம் சுடாத வீடு செட்டிநாட்டில் ஏது? ஆகவே சட்டிக்குப் பொருத்தமான மூடி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். புடவையில் பற்றினால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

நான்காவது கரண்ட். மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அது எட்டாத உயரத்தில் இருந்தால் கீழே ஒரு முக்காலி நிரந்தரமாக இருக்கட்டும். பழைய ஒயரிங் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு ஈஎல்சிபி போடச் சொல்ல வேண்டும். பேரன்கள் லீவுக்கு வரும்போது மாட்டும் ஏசியை அந்தக் காலத்து ஒயர் தாங்குமா என்றும் அவரிடம் கேட்டுவிடலாம்.

ஐந்தாவது பாம்பு. கிராமத்து வீட்டுக்குத் தீயைவிட இது அடிக்கடி வரும் விருந்தாளி. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடிபட்டவர் நடக்காமல், அந்தக் காலை அசைக்காமல் 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனை, யாருடைய வண்டி என்று இன்றைக்கே எழுதி வைக்கலாம். பாம்பு கடித்த பிறகு விசாரிக்கிற விஷயம் அல்ல அது.

ஆறாவது எண்கள். தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இவற்றைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி முகப்பில் ஒன்று, அடுப்படியில் ஒன்று ஒட்ட வேண்டும். செல்போனில் இருக்கிறதே என்றால், அந்தச் செல்போன் உள்ளே சார்ஜில் கிடக்கும்போது? எண்ணோடு வீட்டுக்கு வழியும் எழுத வேண்டும். எந்தத் தெரு, கோவிலிலிருந்து எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன அடையாளம். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது.

சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளால் என்ன பயன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ஓர் அறிவு மையம் இருந்தது. கடல் அலை, வானிலைச் செய்திகளைச் சொல்ல அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்கென்று வாங்கிப் பூட்டி வைத்ததல்ல. தினமும் பயன்பட்டது. அதனால்தான் அன்றைக்கும் வேலை செய்தது, எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே நாளில் இந்தோனேசியாவின் சிமலூ தீவு சுனாமி பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள், இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் வந்த சுனாமியை அந்தத் தீவு மறக்கவில்லை. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். "ஸ்மோங்" என்ற ஒரே சொல்தான் அவர்களுடைய அபாயச் சங்கு. கருவி இல்லை, காகிதம் இல்லை, ஆனால் திட்டம் இருந்தது.

ஆகவே பேரன் நோட்டில் இன்னொரு வரி எழுதலாம்: சிங்கப்பூர் சித்தப்பாதான் தகவல் மையம். ஊரில் எது நடந்தாலும் எல்லோரும் அவருக்கு ஒரு போன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். ஆபத்து நேரத்தில் இருபது பேர் ஆச்சி போனுக்கே அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆச்சி ஒத்துக்கொள்ள வேண்டுமே

எல்லாம் எழுதியாகிவிட்டது. இப்போது ஆச்சியிடம் படித்துக் காட்ட வேண்டும். ஆச்சி என்ன சொல்வார்?

"எனக்கு என்னப்பா ஆகப் போகுது. நீங்க தப்பிச்சுப் போங்க. நான் சாமி வீட்டைப் பூட்டிட்டுத்தான் வருவேன். இரும்புப் பெட்டியை யார் பாக்குறது?"

இங்கேதான் பல திட்டங்கள் முடிந்துபோகின்றன. வெளியே வந்துவிட்டு ஒரு பொருளுக்காகத் திரும்ப உள்ளே போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆச்சியைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அவர் திரும்பிப் போக எந்தக் காரணமும் இல்லாமல் செய்ய வேண்டும். பத்திரத்தின் நகல் சென்னையில் இருக்கட்டும். நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும். மருந்துச் சீட்டு, ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் பணம், ஆதார் நகல், பழைய போட்டோ ஒன்று, இவ்வளவும் ஒரு பையில் முகப்புக் கதவோரம் தொங்கட்டும். அதைக் காட்டிவிட்டு, "ஆச்சி, எல்லாம் வெளிய இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொல்ல முடிய வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். ஆச்சிக்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

வெளியே வந்ததும் எல்லோரும் கூட ஓர் இடம் வேண்டும். வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது, தீயணைப்பு வண்டிக்கு வழி மறிக்கக் கூடாது. எதிர் வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆட்களை எண்ண ஒருவர் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் யாரும் யாரையும் தேடி உள்ளே ஓட மாட்டார்கள். குறைந்தால் தீயணைப்புக்காரரிடம் யார், எந்த அறை என்று சொல்ல முடியும். அந்த வேலை ஆச்சிக்கு. கல்யாணத்தில் எத்தனை புள்ளி வந்தது, யார் வரவில்லை என்று நோட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர்தானே?

அதனால் ஆச்சி முதலில் வெளியே போக வேண்டும். பகலில் சமைக்கும் அம்மாவும் ராத்திரியில் காவல்காரரும் கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். மெதுவாக நடப்பவர் முதலில் கிளம்புவார். தான் போகாவிட்டால் எண்ண ஆள் இல்லை, எண்ணாவிட்டால் பேரன் தன்னைத் தேடி உள்ளே வருவான் என்று தெரிந்தால், சாமி வீட்டுப் பூட்டுக்காக ஆச்சி நிற்க மாட்டார்.

ஒத்திகை

கடைசியாக ஒன்று. நோட்டில் எழுதியது நோட்டில் இருந்தால் பயன் இல்லை. ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து, விளக்கில்லாமல், பின்வாசல் ஆணியில் சாவியை எடுத்து, திறந்து, எதிர்த் திண்ணை வரை. வாட்சில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முதல் தடவை சாவி துருப்பிடித்துத் திரும்பாது. காவல்காரருக்குக் காது கேட்காது என்பது அன்றைக்குத்தான் தெரியும். பையில் இருக்கும் மாத்திரை காலாவதியாகியிருக்கும். தெரியட்டும், அதற்குத்தானே ஒத்திகை!

வருடத்துக்கு இரண்டு தடவை போதும். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒன்று. அன்றைக்கே கேஸ் டியூபையும் பார்த்துவிடலாம். சதுர்த்திக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது இன்னொன்று. அரை மணி நேரம் ஆகும். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அடுத்த வருடம் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

பிள்ளையார்பட்டியில் வீடு இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஹாஸ்டல், வாடகை வீடு, அப்பா வேலை பார்க்கும் பட்டறை, எதுவாக இருந்தாலும் சரி. இன்று ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்தில் ஓட முடியாதவர் யார், அவர் கையைப் பிடிப்பது யார்? அதற்குப் பதிலாக ஒரு பெயர் கிடைத்துவிட்டால் திட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.